லோரி மேல் பால் காய்ச்சிய வீடு

புது வீட்டில் பால் பொங்கும்போது அது எந்தத் திசையில் வழிகிறது என்று பார்ப்பார்கள். அன்று அது டிரைவர் இருக்கை இருந்த பக்கமாக வழிந்தது.

வீடு லோரியின் மேல் இருந்தது. திடல் கொஞ்சம் சரிவு. அதனால் லோரியும், லோரி மேல் இருந்த வீடும், வீட்டுக்குள் இருந்த மண்ணெண்ணெய் அடுப்பும் சேர்ந்தே முன்பக்கம் சாய்ந்திருந்தன.

"பொங்கிருச்சா? எந்தப் பக்கம்?" என்று கீழே நின்ற பெண்கள் அண்ணாந்து கத்தினார்கள்.

"டிரைவர் பக்கம்!" என்று மேலேயிருந்து பார்வதி அக்கா குரல் கொடுத்தார்.

எங்கள் குடியிருப்பான கம்பமே சிரித்தது. சிங்காரம் அண்ணன் மட்டும் சிரிக்காமல் கைகூப்பினார். "பாத்தீங்களா? வீடே கெளம்பச் சொல்லுது" என்றார்.

புதுப் பால் வாசனையும், லோரியில் ஊறிப்போன செம்பனை எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. தையல் மெஷின் வாங்கிய கதையை இந்தப் பத்தியில் எழுதியதற்குப் பிறகு எழுத வேண்டியது இதுதான். ஆனால் இத்தனை வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

எங்கள் கம்பம்

எங்கள் கம்பம் கிள்ளானில், தண்டவாளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்தது. பலகை வீடுகள், தகரக் கூரைகள். ரயில் போனால் அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் தாமாகவே ஒரு தரம் பேசிவிட்டு அடங்கும். அம்மாவும் நானும் அப்பா கட்டிய வீட்டில் இருந்தோம். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

நிலம் ரயில்வேக்குச் சொந்தம். சாலை போடப் போகிறார்கள், காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. மாற்று வீடு கிடைக்கும், ஆனால் குலுக்கல் முறையில். ஒருவருக்குக் காஜாங் பக்கம் விழும், இன்னொருவருக்குச் சுபாங் ஜெயா பக்கம் விழும். எல்லாருக்கும் ஒரே இடத்தில் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை.

எனக்கு அது பெரிய விஷயம். ரவிக்கை தைத்துத்தான் அம்மாவையும் என்னையும் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்னிடம் தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாருமே கம்பத்துப் பெண்கள். பலருக்கு அளவு எடுக்கவே தேவையில்லை, நடந்து வருவதைப் பார்த்தே துணியை வெட்டுவேன். புது ஆள் வந்தால் மூன்று தடவை டேப்பால் அளந்தும் எனக்கு நம்பிக்கை வராது. கம்பம் சிதறினால் என் பிழைப்பும் சிதறும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்க இறக்குறது?

சிங்காரம் அண்ணன் கேரி தீவிலிருந்து செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரி ஓட்டினார். மனைவி இறந்து தனியாக இருந்தார். எங்கே போனாலும் அவர் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வாசலில் நின்று, "எங்க இறக்குறது, தங்கச்சி?" என்று கேட்டார். லோரி நிறையச் சாமான் வந்திருப்பதாக நினைத்து அம்மா பதறி ஓடிவந்தார்.

அந்தக் கேள்வியைத்தான் அவர் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக நினைத்தார்.

ஒரு முழு வீட்டை லோரியில் ஏற்ற வேண்டும். நாடாளுமன்றம் கூடும் நாள் காலையில் கிள்ளானிலிருந்து பெரிய சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு ஓட்ட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நிறுத்தினால் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள். அங்கிருந்து நேராக நாடாளுமன்ற வாசல். வீட்டின் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி, தமிழிலும் மலாயிலும்: "எங்கே இறக்குவது?"

தன் வீட்டைப் பெயர்த்துத் தர யாருக்கும் மனமில்லை. முன்பே இடித்த வீடுகளின் பலகைகளை வைத்து, ஓர் அறையும் ஒரு முன்கூடமும் உள்ள சின்ன வீடாகக் கட்டினார். வழியிலுள்ள பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மோட்டார் சைக்கிளில் மூங்கிலை நட்டமாகக் கட்டிக்கொண்டு கோலாலம்பூர் வரை போய் வந்தார். வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி என்ன இது என்று கேட்டாராம். "கொடிக்கம்பம் தூவான், கொடி இன்னும் தைக்கல" என்று சொல்லித் தப்பித்தாராம்.

பாலங்களுக்குப் பயந்து கூரையைத் தாழ்த்தினார். உள்ளே உயரமான ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது.

கோயில் கூடத்தில்

லோரி முதலாளி சும்மா தர மாட்டார். வாடகை வேண்டும். அபராதச் சம்மன் வந்தால் கட்டவும் பணம் வேண்டும். சிங்காரம் அண்ணன் கோயில் பணத்தைக் கேட்டு வந்தார்.

கோயில் கணக்கைப் பார்த்துக்கொள்ள நாங்கள் மூன்று பேர். ரயில்வேயில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்ற தங்கவேலு ஐயா. காலையில் தோசை விற்கும் பார்வதி அக்கா. மூன்றாவது நான். அம்மனுக்குப் பாவாடை தைத்துக் கொடுப்பவள் என்பதாலும், வாயைத் திறக்க மாட்டேன் என்பதாலும் என்னைப் போட்டிருந்தார்கள்.

"இது என்னப்பா சர்க்கஸா? மகஜர் குடுத்திருக்கோம், பதில் வரும்" என்றார் கிராணி ஐயா.

"எத்தன மகஜர் ஐயா குடுத்தாச்சு?"

"குடுத்துக்கிட்டேதான்யா இருக்கணும்."

"பேப்பரக் குடுத்தா பைலுக்குள்ள வச்சு மூடிருவான். வீட்டக் குடுத்தா எந்த பைல்ல வப்பான்?"

பார்வதி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கிராணி ஐயா விடவில்லை. "பெர்மிட் இல்லாம வீட்ட ஏத்திக்கிட்டுப் போனா பாதி வழியிலயே பிடிச்சிருவான். காசும் போச்சு, லோரியும் போச்சு."

"பிடிக்கட்டும் ஐயா! பிடிச்சு எங்க நிறுத்துவான்? ஸ்டேசன் முன்னாலதான? வீட்ட எறக்கச் சொல்லுவான்ல? அப்பவும் நான் அதத்தான் கேப்பேன். எங்க எறக்குறது?"

கிராணி ஐயா அதற்கும் தலையாட்டவில்லை. பார்வதி அக்கா கொடுக்கலாம் என்றார். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

வீடு போனால் பத்திரிகையில் வரும், வந்தால் யாராவது கேட்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அம்மன் உண்டியல் காசை லோரி வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அது பாதி வழியில் நின்றுவிட்டால்? விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் போய்விடுமே என்று பயம்.

"நல்ல காரியந்தான்... கோயில் காசு வேணாம். விருப்பப்பட்டவங்க குடுக்கட்டும்" என்றேன். இரண்டு பேருக்கும் கோபம் வராத பதிலாகத் தேடிச் சொன்னேன். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

பேர் போட்டால் வம்பு

சிங்காரம் அண்ணன் ரசீதுப் புத்தகம் வாங்கி வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லாரும் தேநீர் கொடுத்தார்கள். "நல்ல ஐடியாண்ணே" என்றார்கள். பணம் மட்டும் வரவில்லை.

கம்பத்தில் பாதிப் பேருக்கு ரயில்வேயிலோ முனிசிபலிலோ வேலை. அரசாங்கத்தை எதிர்த்து வீடு ஓட்டுகிறவருக்குப் பணம் கொடுத்ததாக ரசீதில் பேர் இருந்தால் நாளைக்கு என்ன ஆகும் என்று பயம்.

"பேரு போடாம வாங்கிக்கங்கண்ணே" என்றார்கள்.

"பேரு போடாம வாங்கினா, நாளைக்கி சிங்காரம் அடிச்சிட்டான்னு நீங்களே சொல்லுவீங்கல்ல" என்றார் அவர்.

அப்படியே நின்றுபோயிற்று. பாதி கட்டிய வீடு திடலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் பார்வதி அக்கா தோசைக் கரண்டியோடு வந்து ஒரு வழி சொன்னார்.

"நன்கொடைன்னு கேட்டா சொக்காப் பையத் தடவுவான். விசேசம்னு கூப்பிடு, பட்டுப் பொடவ கட்டிக்கிட்டு வந்து குடுத்துட்டுப் போவான்."

"என்ன விசேசம் வைக்கிறது?"

"புது வீடுதான? பாலக் காய்ச்சு. மொய் எழுது."

சிங்காரம் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று. மொய் வந்ததும் வாடகை தருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லி லோரியைக் கொண்டுவந்து, வீட்டை அதன் மேல் ஏற்றிக் கட்டி முடித்தார்.

அழைப்பிதழில் ஒரு விலாசம்

புதுமனை புகுவிழா என்றால் தம்பதியாக உட்கார வேண்டும். சிங்காரம் அண்ணனுக்கு மனைவி இல்லை. கிராணி ஐயா வீட்டுப் பின்கட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்த கோபாலையும் லெட்சுமியையும் கேட்டார்கள். கோபால் முனிசிபலில் புல் வெட்டுபவன், நெட்டையன். லெட்சுமி கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் போதும் என்றார்கள். சரி என்றார்கள்.

அழைப்பிதழில் அவர்கள் பேர்தான் இருந்தது. விலாசம் என்ன போடுவது என்று அச்சகத்தார் கேட்டதற்கு, சிங்காரம் அண்ணன் லோரியின் நம்பரைக் கொடுத்திருந்தார். அதைப் படித்துப் படித்துச் சிரித்தோம்.

அன்று எல்லாரும் வந்தார்கள். ரசீதைக் கண்டு பயந்தவர்கள் எல்லாரும் மொய் மேசையில் தங்கள் பேரை, அப்பா பேரோடு சேர்த்துச் சத்தமாகச் சொல்லி எழுத வைத்தார்கள். கிராணி ஐயாதான் அதிகம் எழுதினார். "விசேசத்துக்குக் கூப்பிட்டா வராம இருக்க முடியுமா?" என்றார். நானும் எழுதினேன், மூன்று ரவிக்கையின் கூலி.

லோரி வாடகைக்கும் சம்மனுக்கும் போதுமான அளவு சேர்ந்துவிட்டது.

பால் காய்ச்சிய வீட்டில் அன்று இரவு விளக்கு எரிய வேண்டும், ஆள் படுக்க வேண்டும் என்று பார்வதி அக்கா சொன்னார். கோபாலும் லெட்சுமியும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்கள். மறுநாள் இறங்கவில்லை. நாடாளுமன்றம் கூட இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. காலியாகத்தானே நிற்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மீந்த துணியில் ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துக் கொடுத்தேன். லெட்சுமி லோரியின் பின்பலகையில் துளசிச் செடி வைத்தாள். கோபால் வீட்டுக்குள் குனிந்தே நடந்தான். ஆனாலும் வேலை முடிந்து சீட்டியடித்துக்கொண்டு வருவான்.

உலையில் சோறு

கிளம்பும் நாள். இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. கம்பம் முழுவதும் திடலில் நின்றது. சிங்காரம் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஏறி எஞ்சினை உயிர்ப்பித்தார். வீடு நடுங்கியது.

வாசலில் லெட்சுமி வந்து நின்றாள். "எஞ்சின நிப்பாட்டுங்கண்ணே. ஒலையில சோறு கொதிக்குது."

"எறங்கும்மா. சாயந்தரம் வீடு திரும்பி வந்துரும்."

"வரும்னு யாரு சொன்னா? போலீஸு பிடிச்சு எங்கயாச்சும் நிப்பாட்டுவான்னு நீங்கதான சொன்னீங்க?"

அண்ணன் இறங்கி வந்தார். "லெட்சுமி, இது ஊர்க் காரியத்துக்குக் கட்டின வீடு. ஒனக்கே தெரியும்."

"மொய் யாரு பேர்லண்ணே இருக்கு?"

"அது... அது சும்மா ஒரு இதுக்கு எழுதினது."

"சும்மாவா? நாளைக்கிப் பார்வதி அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தா நான் சும்மா போவேனா? கிராணி ஐயா பேரனுக்குக் காது குத்துனா? இத்தன பேருக்கும் திருப்பிச் செய்யவேண்டியது நாங்கதான? மொய் எங்க தலையில, வீடு மட்டும் ஒங்க லோரியிலயா?"

அவள் கத்தவில்லை. அழுகிற மாதிரி இருந்தாள், ஆனால் அழவில்லை. கோபால் அவள் பின்னால் குனிந்து நின்றான்.

சிங்காரம் அண்ணன் எங்கள் பக்கம் திரும்பினார். "யாராச்சும் சொல்லுங்க. எனக்குத் திருப்பி வேணாம்னு ஒருத்தர் சொல்லுங்க, போதும். மத்தவங்களும் சொல்லிருவாங்க."

மொய் வாங்காதவர்களுக்கு இது புரியாமல் போகலாம். எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டாம் என்று சொல்வது பெருந்தன்மை இல்லை. என் வீட்டில் இனி விசேஷம் நடக்காது என்று தன் வாயால் சொல்வது அது. பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் விடியற்காலையில், பால் காய்ச்சிய வீட்டின் முன்னால் நின்று அப்படிச் சொல்வார்களா?

பார்வதி அக்காவுக்கு இரண்டு மகள்கள். தலை குனிந்துகொண்டார். கிராணி ஐயா தொண்டையைச் செருமிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு அப்போது வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை காப்பி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு வேண்டாம் லெட்சுமி என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அம்மாவின் முகம் என்னவாகும் என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்தார். நான் நினைத்தது அவருக்குத் தெரிந்துவிட்டதோ, குளிருக்குப் பிடித்தாரோ, தெரியாது.

சிங்காரம் அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். "சரி. சோறு வேகட்டும்" என்றார்.

பிறகு பஸ் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் போனார். காத்திருந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள், "வீடு எங்க?" என்று கேட்டார்களாம். "வீட்ல ஆள் இருக்காங்க" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். லோரியைத் திருப்பித் தர வேண்டியிருந்ததால் ஆண்கள் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைச் சரிவாக அடுக்கி வீட்டைச் சறுக்கவிட்டுத் திடலிலேயே இறக்கினார்கள்.

அடுத்த தீபாவளிக்கு முன்பு கம்பத்தை இடித்தார்கள். அந்த வீட்டையும்தான்.

ரசீதில் என் பேர்

அந்த வீடு கோலாலம்பூர் போயிருந்தால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் கிடைத்திருக்குமா? தெரியாது. கிராணி ஐயா சொன்னபடி பாதி வழியில் பிடித்திருக்கலாம். லெட்சுமி மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அவள் கேட்டது நியாயம். ரசீதில் கொடுக்கப் பயந்த பணம் லெட்சுமி பேரில் மொய்யாக வந்தது, வீடும் அந்தப் பேருக்கே போய்விட்டது.

என் வீட்டில் விசேஷம் நடக்கவில்லை. அன்று அம்மாவுக்காகச் சொல்லாமல் விட்டது அதன்பாட்டுக்கு உண்மையாகிவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் குறைந்தது ஒரு லோரியாவது கிளம்பியிருக்கும் என்று தைக்கும்போது சில நேரம் தோன்றும்.

சென்ற மாதம் எங்கள் பிளாட்டுக்குச் சில இளைஞர்கள் வந்தார்கள். எஸ்டேட் மக்களுக்கு வீடு கேட்டு நீண்ட தூரம் சைக்கிள் ஊர்வலம் போகிறார்களாம். வெற்றி பெறுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. "பேரு போடலாமா ஆன்டி, வேணாமா?" என்று நான் கொடுத்த பணத்துக்கு ரசீது எழுதப் போன பெண் பிள்ளை கேட்டாள். அப்பா பேரோடு சேர்த்து முழுப் பேரையும் எழுதச் சொன்னேன்.

நான்காவது மாடி

கம்பத்தை இடித்தபோது குலுக்கலில் எங்களுக்குச் சுபாங் ஜெயா பக்கம் விழுந்தது. லெட்சுமிக்குக் காஜாங் பக்கம். கம்பத்தார் சாமான்களையெல்லாம் சிங்காரம் அண்ணன்தான் அதே லோரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு திசையில் கொண்டுபோய் விட்டார்.

எங்கள் முறை வந்தது. பிளாட்டுக்குக் கீழே லோரியை நிறுத்திவிட்டு, தையல் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு வழக்கம்போல வாயைத் திறந்தார். "எங்க..." என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான்காவது மாடி என்று அம்மா சொன்னார்.

மேலே கதவுக்கு முன்னால் லெட்சுமி உட்கார்ந்திருந்தாள். காஜாங்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருக்கிறாள். மடியில் துணி சுற்றிய பால் தூக்கு.

"நாங்க யாரையும் கூப்பிடலியே லெட்சுமி" என்றேன்.

"புது வீடுதானக்கா? பாலக் காய்ச்சுங்க."

அம்மா அடுப்பை எடுத்து வைத்தார். சிமெண்ட் தரை சரிவில்லாமல் இருந்ததால் பால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழிந்தது. லெட்சுமி இடுப்பிலிருந்து ஓர் உறையை எடுத்து என் கையில் வைத்தாள். மேலே என் பேரும் என் அப்பா பேரும் எழுதியிருந்தது. அன்று நான் மொய் மேசையில் சொன்னபடியே.

"ஒங்களுக்குச் செஞ்சாச்சுக்கா" என்றாள்.

சிங்காரம் அண்ணன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். அம்மா நீட்டிய பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"இப்ப வண்டிய எடுக்கலாமா, லெட்சுமி?" என்று கேட்டார்.

அவள் தலை குனிந்துகொண்டாள். "எடுங்கண்ணே."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். லோரி மெதுவாகத் திரும்பிச் சாலையில் ஏறியது. மேலே ஒன்றும் இல்லை.